கோதுமை வேண்டாம், சர்க்கரையும் குறைவு: வீட்டிலேயே கேழ்வரகு குக்கீஸ்

க்ளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களும் இனிப்பைக் குறைக்க வேண்டியவர்களும் பிஸ்கட் ஆசையை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பக்குவம் தெரிந்தால் கேழ்வரகு மாவிலேயே மொறுமொறு குக்கீஸ் செய்யலாம்.

1. கோதுமை, மைதா, ரவை, பார்லி ஆகியவற்றில் க்ளூட்டன் உண்டு. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, அரிசி, கடலை மாவில் கிடையாது.

2. மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்திருக்கலாம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அந்தக் கலப்பே கெடுதல். தானியத்தைக் கழுவி, காயவைத்து, மிக்ஸியில் அரையுங்கள். சல்லடையும் தனியாக இருக்கட்டும்.

3. ஓட்ஸ், பேக்கிங் பவுடர் வாங்கும்போது 'க்ளூட்டன் ஃப்ரீ' என்று இருக்கிறதா பாருங்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருந்தால் அப்படிப் போடக்கூடாது என்பது நம் நாட்டு விதி.

4. கேழ்வரகு மாவைச் சிறு தீயில் வாசம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். பச்சை வாடை போய்விடும்.

5. அளவு: கேழ்வரகு மாவு 1 கப், பாதாம் பொடி அரை கப், வெண்ணெய் 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 4 டேபிள் ஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. பிசைய 2 அல்லது 3 ஸ்பூன் பால்.

6. க்ளூட்டன் இல்லாத மாவு உதிரும். ஒரு டேபிள் ஸ்பூன் ஆளி விதைப் பொடியை மூன்று ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். இதைச் சேர்த்தபின், பாலைத் தேவை பார்த்து விடுங்கள்.

7. பிசைந்த மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வாயில் நறநறக்காது.

8. குக்கீயை அடுப்பில் பரவச் செய்வதும் மொறுமொறுப்பாக்குவதும் சர்க்கரைதான். அதைக் குறைத்தால் வைத்த உருண்டை அப்படியே நிற்கும். அதனால் கால் அங்குல கனத்துக்கு நீங்களே தட்டிவிடுங்கள். ஏலக்காய், சுக்குப் பொடி சேர்த்தால் குறைந்த இனிப்பும் தூக்கலாகத் தெரியும்.

9. 160 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் போதும். கேழ்வரகின் நிறத்தை வைத்துப் பதம் சொல்ல முடியாது. ஓரம் இறுகி, நடுவில் லேசாக அமுங்கினால் எடுத்துவிடலாம். தட்டிலேயே பத்து நிமிடம் ஆறட்டும்; சூட்டோடு எடுத்தால் உடைந்துவிடும்.

10. ஓவன் இல்லையா? அடி கனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு தட்டை உள்ளே வைத்துச் சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம் வேகவிடுங்கள்.

11. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பேரீச்சை எல்லாமே ரத்தச் சர்க்கரையை ஏற்றும், மாவுச்சத்தும் அப்படித்தான். நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

12. நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். மொத்தமாகச் சுடாமல், பாதி மாவை உருளையாகச் சுருட்டி ஃப்ரீசரில் வைத்தால், வேண்டும்போது வில்லை போட்டுப் புதிதாகச் சுட்டுக்கொள்ளலாம்.