நகரும் துறை

குளம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வயல்தான். அங்கே தோணி இறக்குவதற்கும் ஓர் இடம் வேண்டும் என்பதை, உயர்தரத்தில் புவியியல் படிக்கத் தொடங்கும் வரை நானும் எண்ணிப் பார்த்ததில்லை. பருத்தித்துறை, காங்கேசன்துறை என்று கடலோர ஊர்கள் துறையாலேயே பெயர் பெற்றிருக்கின்றன. குளத்துத் துறைக்கோ பெரும்பாலும் பெயர்கூட இல்லை.

என் மாமா நன்னீர் மீனவர். எங்கள் ஊரிலிருந்து ஆறு கட்டை தூரத்திலுள்ள குளத்தில் தோணி வைத்திருக்கிறார். சென்ற ஓகஸ்ட் விடுமுறையில், சுபஹ் தொழுகை முடிந்ததும் வாப்பாவுடன் அங்கே போனேன். கையில் அளவுநாடாவும் கொப்பியும் இருந்தன.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டின் பெருங்குளங்கள் எவையும் மீனுக்காகக் கட்டப்பட்டவையல்ல. மகாசேனன் கட்டிய மின்னேரியாவும், பராக்கிரமபாகுவின் பராக்கிரம சமுத்திரமும், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சேனாநாயக்க சமுத்திரமும் வேளாண்மைக்காகவே எழுந்தவை. விரால், கெளுத்தி, சுங்கான் என்று நாட்டு மீன்கள் அவற்றில் முன்பே இருந்தன. ஆனால் குளத்து மீன்பிடி பெருந்தொழிலானது, கிழக்கு ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா 1952இல் இங்கு அறிமுகமான பிறகுதான். ஆகவே குளத்துக்குக் கடைசியாக வந்தவர் மீனவர். நீரை எப்போது திறப்பது என்பது பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகிறது. துருசு திறந்தால் வயல் நனைகிறது, துறை காய்கிறது.

மாமாவின் குளத்தில் நான் கண்டதும் அதுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் அங்கே கொங்கிறீற் இறங்குதளம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. கட்டியது மாரியில், குளம் நிரம்பியிருந்த காலத்தில். ஓகஸ்டில் அதன் நுனியில் நின்று பார்த்தேன். எதிரே புல்லும் வெடித்த சேறும், தூரத்தில் ஒரு கீற்றாய்த் தண்ணீர். காலால் அளந்தேன்: 410 எட்டுகள். மாமா சிரித்தார். “தண்ணி எங்க நிக்கிதோ, அங்கதான் மகள் துறை” என்றார்.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. படகு இறக்கும் சாய்தளங்கள் பொதுவாக 100க்கு 12 முதல் 15 வரையான சாய்வில் அமைக்கப்படுகின்றன. அந்தச் சாய்வில் நீர் 3 மீற்றர் இறங்கினால் கரை 20 முதல் 25 மீற்றர் வரையே விலகும். குளத்தின் அலைகரையோ ஏறக்குறையத் தட்டை. அதன் சாய்வு 100க்கு 1 என்றால், அதே 3 மீற்றருக்குக் கரை 300 மீற்றர் பின்வாங்கிவிடும். மின்னேரியாவில் ஓகஸ்ட், செப்டெம்பரில் யானைகள் கூட்டமாய்த் திரள்வதும் இப்படி வெளிப்படும் அலைகரையின் புல்லுக்காகத்தான். யானைக்கு வரமாகும் இந்தத் தட்டை நிலம் மீனவருக்குச் சுமை. இருவர் ஏறும் பைபர் தோணி, பக்கத்தில் மிதவை மரம், வலை, மீன் எல்லாம் சேற்றுக்கு மேலால் இழுபட வேண்டும். மீன் வாங்க றெஜிபோம் பெட்டியோடு வருபவரின் மோட்டார் சைக்கிளும் அங்கே இறங்காது. வெயில் ஏற ஏற மீனின் விலை இறங்கும்.

கொங்கிறீற்றை வீண் என்று நான் சொல்லமாட்டேன். டிசெம்பர் முதல் மார்ச் வரை அது நன்றாகவே உதவுகிறது என்று மாமாவே ஒப்புக்கொண்டார். அவரை வருத்துவது வேறொன்று. நீர் விலகிய அலைகரையில் சிலர் வேலி அடைத்துப் பயிர் செய்கிறார்கள். இறங்குதளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இப்போது முட்கம்பி. அதைச் சுற்றிப் போனால் இன்னும் அரைக் கட்டை தூரம். அரச குளமொன்றின் நிறைமட்டத்துக்குள் கிடக்கும் நிலம், காய்ந்துவிட்டது என்பதற்காகத் தனியாருடையதாகிவிடுமா? பயிர் செய்பவர்களும் ஏழைகள்தான். ஆனாலும் பாதையையாவது விட்டிருக்கலாம்.

துறை என்று எண்ணித் துருசின் பக்கமோ வான் பக்கமோ தூண்டில் போட நிற்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. துருசு திறந்திருக்கும்போது மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும், இழுப்பு அடியில் இருக்கும். தோணிக்காரர்களே அந்தப் பக்கம் போவதில்லை.

வலைக்குச் சட்டம் இருக்கிறது: கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது, தங்கூசி வலை கூடாது. துறைக்குப் போகும் வழிக்கும் அப்படி ஓர் அளவு வேண்டும் என்பது என் எண்ணம். நிறைமட்டத்திலிருந்து கோடையின் கடைசி நீர்மட்டம் வரை, ஒரு மோட்டார் சைக்கிள் போகும் அகலத்துக்கு, இரு பக்கமும் எல்லைக்கல் நட்டால் போதும். அதற்குக் கொங்கிறீற் தேவையில்லை.

வீட்டுக்கு வந்து குளத்தின் வரைபடமொன்று கீறினேன். மாரிக் கரை, சித்திரைக் கரை, ஓகஸ்ட் கரை என்று மூன்று கோடுகள். மாமா நெடுநேரம் பார்த்துவிட்டு, “வேலி எங்க மகள்?” என்று கேட்டார். சிவப்புப் பேனையால் அதையும் கீறினேன். மீனவர் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோக ஒரு பிரதி கேட்டார். கொடுத்திருக்கிறேன். கூட்டம் இன்னும் நடக்கவில்லை.