ஊரை உள்ளே அழைக்கும் கல்லூரி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கல்லூரி என்பது யாருக்காக? கட்டணம் செலுத்திப் பயிலும் மாணவருக்காக மட்டுமா, சுற்றி வாழும் மக்களுக்காகவுமா? எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்னைச் சேர்க்க வந்த என் தந்தையை யாரும் தடுக்கவில்லை. ஆயினும் 'நான் உள்ளே வரலாமா?' என்று என்னிடமே கேட்டு, வாயிலில் தயங்கி நின்றார். அந்தக் கேள்வி என் நெஞ்சில் தங்கிவிட்டது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள பெத்தேல் கல்லூரியைப் பற்றிப் படித்தபோது அதற்கு ஒரு விடை கிடைத்தது.

பெத்தேல், மென்னோனைட் சபையார் நிறுவிய கல்லூரி. அவர்கள் யார் என்பதை முதலில் காண்போம். 1525-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், அறிவறிந்த பின்னரே ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று கூறிச் சிலர் தனித்து நின்றனர். அவ்வியக்கத்தில் பின்னர் சேர்ந்த ஹாலந்து நாட்டுத் தலைவர் மென்னோ சைமன்ஸ் பெயரால் இச்சபை அழைக்கப்படுகிறது. படைக்கலம் ஏந்தாமை இவர்களின் கொள்கை. ரஷ்யப் பேரரசில் கட்டாய இராணுவச் சேவை வரவே, 1874 முதல் பலர் கான்சாஸ் சமவெளியில் குடியேறிக் கோதுமை பயிரிட்டனர். 1887-இல் கல்லூரி நிறுவப்பட்டது. 1893-இல் வகுப்புகள் தொடங்கின. கதிரடிக்கும் கல் இக்கல்லூரியின் அடையாளங்களுள் ஒன்று. விளையாட்டு அணியினரின் பெயரும் 'கதிரடிப்போர்' என்பதே! உழவர் வீட்டுப் பிள்ளைகளாகிய நமக்கு இது மகிழ்ச்சி தருவதன்றோ?

இக்கல்லூரி ஊருக்கு என்ன செய்கிறது? மென்னோ சைமன்ஸ் பெயரால் 1950-களிலிருந்து பொதுச் சொற்பொழிவுகள் நடைபெற்று வருகின்றன. முதியோருக்கெனத் தனி உரை வரிசை உண்டு. வளாகத்திலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இலையுதிர்கால விழாவில் ஊர்மக்கள் கூடித் தம் முன்னோரின் உணவை உண்டு மகிழ்கின்றனர். அமைதிக்கும் பிணக்குத் தீர்வுக்குமான ஆய்வு நிலையம் ஒன்றும் 1985-இல் தோன்றியது.

விழா எடுப்பது எளிது. ஊர் கேட்கத் தயங்கும் குரலுக்கு மேடை தருவதே அரிது. 1960 ஜனவரி 21 அன்று, 31 வயது நிரம்பிய மார்ட்டின் லூதர் கிங் இங்கு வந்து, இன ஒருங்கிணைப்பின் எதிர்காலம் குறித்து உரையாற்றினார். நோபல் பரிசு அவரை வந்தடைந்தது 1964-இல்தான். முந்தைய ஆண்டு, 1959-இல், அவர் காந்தியடிகளின் நாட்டைக் காண வந்து கன்னியாகுமரி வரை பயணம் செய்திருந்தார். பெத்தேல் உரை நிகழ்ந்த பதினோராம் நாள், கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டுமேயான உணவு மேடையில் அமர்ந்து அறப்போர் தொடங்கினர். ஒன்று மற்றொன்றின் விளைவு என்று நான் கூறவில்லை. காலம் எதைப் பேசிக்கொண்டிருந்ததோ, அதையே அச்சிற்றூரின் மண்டபமும் பேசியது என்பதே என் கருத்து.

1969 அக்டோபரில், வியட்நாம் போரில் மாண்ட அமெரிக்க வீரர்களுக்காக மாணவர்கள் கல்லூரி மணியை நாள்கணக்கில் ஒலித்தனர். ஊரார் அனைவருமா அதை விரும்பினர்? இல்லை. ஆனால் மணியோசை சுற்றுச்சுவரோடு நிற்பதில்லை. ஊரையும் எண்ண வைத்தது.

நண்பர்களே! செல்வமோ பெரிய கட்டிடமோ இதற்கு முதல் தேவையன்று. மாதம் ஒரு மாலை, வகுப்பறை ஒன்றைத் திறந்து வைத்தாலே போதும். மண், நீர், மின்சாரம் பற்றி நாம் கற்றதை எளிய தமிழில் ஊராருக்குச் சொல்லலாம். மழையையும் விதையையும் பற்றி அவர்கள் அறிந்ததை நாம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் இது கைகூடும்.

அந்நாளில் என் தந்தை மீண்டும் இவ்வாயிலுக்கு வருவார். 'வரலாமா?' என்று அவர் கேட்க வேண்டியிராது. 'வாருங்கள்' என்று நாம் முந்திக்கொள்வோம்.