இரு விடை தந்த குருத்தணு

விளையாட்டுத் திடலில் தடுக்கி விழுந்தால் முழங்காலில் சிராய்ப்பு ஏற்படுகிறது. சில நாள்களில் வலி குறைந்து புண்ணும் ஆறிவிடுகிறது. அதற்குள் நம் உடலில் இரண்டு பணிகள் நடந்து முடிந்திருக்கும். புண் வழியே புகுந்த கிருமிகளை வெள்ளை அணுக்கள் எதிர்த்து அழித்திருக்கும். சிதைந்த தோலுக்கு ஈடாகப் புதிய அணுக்கள் தோன்றக் குருத்தணுக்கள் துணைபுரிந்திருக்கும். முதற்பணியை ஆராயும் துறை நோயெதிர்ப்பியல். இரண்டாவதை ஆராயும் துறை குருத்தணு உயிரியல். இவ்விரு துறைகளையும் இணைத்து ஆய்வு செய்துவரும் மலேசியத் தமிழருள் ஒருவர் பேராசிரியர் முனைவர் ராஜேஸ் ராமசாமி. இவர் சிலாங்கூர், செர்டாங்கில் உள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தில் பணியாற்றுபவர்.

குருத்தணு தன்னைப் போன்ற அணுக்களைப் பெருக்கவல்லது. வேறுவகை அணுவாக மாறவும் வல்லது. எலும்பு மச்சையில் காணப்படும் ‘மெசென்கைமல்’ குருத்தணு எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பணுவாகவும் மாறக்கூடியது. அதற்கு மற்றோர் ஆற்றலும் உண்டு. அளவுமீறிச் செயல்படும் நோயெதிர்ப்பு அணுக்களை அது அடக்குகிறது.

இவ்வாற்றல் ஏன் தேவைப்படுகிறது? இரத்தப் புற்றுநோயாளிக்குப் பிறருடைய எலும்பு மச்சையைச் செலுத்தும்போது, கொடையாளரின் வெள்ளை அணுக்கள் நோயாளியின் உடலையே பகையாகக் கருதித் தாக்குவதுண்டு. வீட்டைக் காக்க வந்த காவலரே வீட்டாரைத் தாக்குவது போன்ற நிலை அது. சுவீடன் நாட்டில் இத்தகைய கடும் பாதிப்புக்குள்ளான 9 வயதுச் சிறுவனுக்கு அவனுடைய தாயின் மெசென்கைமல் குருத்தணுக்கள் செலுத்தப்பட்டன. அவன் நலமடைந்த செய்தி 2004ஆம் ஆண்டில் வெளிவந்தபோது மருத்துவ உலகம் வியந்தது.

இக்குருத்தணுக்கள் எவ்வாறு அடக்குகின்றன என்னும் வினாவுக்கு விடை தேடியோருள் ராஜேஸ் ராமசாமியும் ஒருவர். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர் பிரான்செஸ்கோ டாசியின் குழுவினரோடு அவர் ஆய்வை மேற்கொண்டார். 2008ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை ஒரு நுட்பத்தை விளக்கியது. குருத்தணுக்கள் ‘டி’ அணுக்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் பெருகுவதைத் தடுக்கின்றன. ஆயினும், அவற்றின் தாக்கும் திறனைப் பறிப்பதில்லை.

மற்ற அணுக்களின் பெருக்கத்தைத் தடுக்க முடியுமெனில், கட்டுப்பாடின்றிப் பெருகும் புற்றணுக்களையும் தடுக்க முடியுமா? ஆய்வாளர்களுக்கு எழுந்த மற்றொரு வினா இதுவே. ஆய்வுக்கூடத் தட்டில் புற்றணுக்களோடு குருத்தணுக்களைச் சேர்த்து வளர்த்தனர். புற்றணுக்களின் பெருக்கம் குறைந்தது. நம்பிக்கையூட்டும் விடைதான்! எனினும், ஆய்வு அத்துடன் நிற்கவில்லை. நோயெதிர்ப்பாற்றல் குன்றிய சுண்டெலிகளுக்கு இரண்டையும் சேர்த்துச் செலுத்தினர். இம்முறை விடை தலைகீழானது. புற்றணுக்களை மட்டும் பெற்ற எலிகளைவிடக் குருத்தணுக்களையும் சேர்த்துப் பெற்ற எலிகளில் கட்டி விரைவாக வளர்ந்தது. தட்டில் தடையாக இருந்த குருத்தணுக்கள், உடலுக்குள் புற்றணுக்களுக்குப் புகலிடம் அமைத்துக் கொடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

கோல சிலாங்கூர், புக்கிட் செந்தோசா வட்டாரங்களில் செம்பனைத் தோட்ட வேலையை அறிந்த பெரியோர் பலர் உள்ளனர். நாற்றங்காலில் செழித்த கன்று தோட்டத்து மண்ணிலும் அப்படியே செழிக்கும் என்று அவர்கள் உறுதி கூறமாட்டார்கள். மண், நீர், பூச்சி என அங்கே எல்லாமே வேறு. ஆய்வுத் தட்டுக்கும் உயிருள்ள உடலுக்கும் உள்ள வேறுபாடும் அத்தகையதே.

2007ஆம் ஆண்டில் வெளியான அக்கட்டுரையில் அக்குழுவினர் இரு விடைகளையும் மறைக்காமல் எழுதினர். புற்றுநோய் உள்ளவருக்கு இக்குருத்தணுக்களைப் பயன்படுத்துவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்றும் வலியுறுத்தினர். முதல் விடையை மட்டும் வெளியிட்டிருந்தால் பாராட்டு எளிதில் கிடைத்திருக்கலாம். அதை நம்பிய நோயாளியின் உயிருக்கு யார் பொறுப்பு?

தாயகத்தில் ராஜேஸ் ராமசாமியின் ஆய்வு மேலும் விரிந்தது. மகப்பேற்றுக்குப்பின் கழிக்கப்படும் தொப்புள்கொடியிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுக்கும் முறை குறித்து 2011ஆம் ஆண்டில் அவருடைய குழு கட்டுரை வெளியிட்டது. எலும்பைத் துளைக்காமலேயே குருத்தணுக்களைப் பெற இது வழிகாட்டுகிறது.

‘எல்லா நோயையும் குருத்தணு தீர்க்கும்’ என்னும் விளம்பரங்களை இன்று காண்கிறோம். அவற்றைக் காணும்போது, “இது உடலில் சோதிக்கப்பட்டதா? பாதகமான முடிவுகளும் சொல்லப்பட்டனவா?” என்று கேட்கப் பழகுவோம். விரும்பிய விடை கிடைத்த பின்னரும் மீண்டும் சோதித்துப் பார்ப்பவரே உண்மையான அறிவியலாளர்.

கருத்துணர் வினாக்கள்

1. மெசென்கைமல் குருத்தணுவின் இரண்டு ஆற்றல்களைக் குறிப்பிடுக.
2. ஆய்வுத் தட்டிலும் சுண்டெலியின் உடலிலும் கிடைத்த முடிவுகள் எவ்வாறு வேறுபட்டன?
3. செம்பனைக் கன்று இப்பகுதியில் எதற்கு உவமையாகக் காட்டப்பட்டுள்ளது?
4. எதிர்பாராத முடிவையும் வெளியிட்ட ஆய்வாளர்களின் செயல் குறித்து உன் கருத்து யாது?