மனசுக்கு ஒரு கட்டுத்தறி



"உடம்பு அசதியா இருக்கு, ஆனா தூக்கம் வருதில்ல. கண்ண மூடினா கடன்தான் ஞாபகம் வருது." லயங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பகல் முழுக்க நின்ற கால் வலிக்கும். ராத்திரி பாயில் சாய்ந்தால் வீட்டு யோசனை வந்துவிடும். தோட்டத்தில் இருக்கும் அம்மாவும் கொழும்பில் இருக்கும் மகனும் செய்யக்கூடிய ஒரு பயிற்சியை இந்த முறை படிப்போம்.

இது எங்கிருந்து வந்தது?

நம் சிங்கள அயலவர்கள் போயா தினத்தில் வெள்ளை உடுத்தி, பன்சலைக்குப் போய்ச் சில் எடுப்பதைப் பார்த்திருக்கிறோம். அங்கே அவர்கள் பாவனை, அதாவது தியானமும் செய்வார்கள். மனதை ஒரே இடத்தில் நிறுத்தி அமைதியாக்கும் தியானத்துக்குப் பாளி மொழியில் 'சமத' என்று பெயர். மூச்சைத் துணையாகக் கொண்டு அதைச் செய்யும் முறை 'ஆனாபானசதி'. உள்ளே போகும் மூச்சையும் வெளியே வரும் மூச்சையும் மறவாமல் கவனிப்பது என்று பொருள்.

கொழும்பில் இந்தத் தியானத்தைப் பற்றிப் பேசியும் எழுதியும் வந்தவர்களில் நாரத தேரர் முக்கியமானவர். 1898இல் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். அங்குள்ள கத்தோலிக்கப் பாடசாலையான புனித பெனடிக்ற் கல்லூரியில் படித்தவர். 18 வயதில் துறவியாகி, வெள்ளவத்தைக்கு அடுத்த பம்பலப்பிட்டியில் உள்ள வஜிராராம விகாரையில் வாழ்ந்தார். பல நாடுகளுக்கும் போய்ப் போதித்து, 1983இல் காலமானார். அவருக்குப் பின் அதே விகாரையில் வாழ்ந்த பியதஸ்ஸி தேரரும் (1914–1998) கொட்டாஞ்சேனையில் பிறந்தவர்தான்.

இந்தப் பயிற்சியை விரிவாகச் சொல்லும் நூல் 'விசுத்திமக்க'. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதியது. அவர் தமிழ்நாட்டுக் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தவர் என்பதும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

கன்றுக்குட்டியும் கட்டுத்தறியும்

அந்த நூலில் ஓர் உவமை உண்டு. அடங்காத கன்றைப் பழக்க நினைப்பவர், ஒரு தறி நட்டு அதைக் கயிற்றால் கட்டுகிறார். கன்று அங்கும் இங்கும் இழுக்கும், துள்ளும். ஓட முடியாமல் போனதும் அந்தத் தறிக்குப் பக்கத்திலேயே படுத்துவிடும். கன்றுதான் நம் மனம். தறி மூச்சு. மறவாமை கயிறு. மாடு வளர்க்கிற நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

செய்யும் முறை

1. இஸ்தோப்பிலோ பாயிலோ முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். சம்மணம் முடியாதவர்கள் கதிரையில் இருக்கலாம். கண்ணை மெதுவாக மூடுங்கள்.

2. மூச்சை அடக்கவோ இழுத்து விடவோ வேண்டாம். அது தன்பாட்டில் போய்வரட்டும்.

3. மூச்சு படுகிற மூக்கு நுனியில் கவனத்தை வையுங்கள். தொழிற்சாலை வாசல் காவல்காரர் உள்ளே போறவர் பின்னாலும் வெளியே போறவர் பின்னாலும் ஓடுவதில்லை. வாசலிலேயே நின்று பார்ப்பார். நாமும் அப்படித்தான்.

4. மூச்சை எண்ணுங்கள். 5க்குக் குறையாமலும் 10க்கு மேல் போகாமலும் எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். 5க்குக் குறைந்தால் சின்னப் பட்டியில் அடைத்த மாடுபோல மனம் முட்டிமோதும். 10ஐத் தாண்டினால் மூச்சை விட்டு, எண்ணிக்கைக்குப் பின்னால் போய்விடும்.

5. கடைக்கடனோ, கங்காணி ஏசினதோ நினைவுக்கு வரும். வரட்டும். "சே, நமக்கு இது சரிவராது" என்று மனதைத் திட்டாமல், திரும்ப மூச்சுக்குக் கொண்டுவாருங்கள். நூறு தரம் ஓடினால் நூறு தரம் கொண்டுவருவதுதான் பயிற்சி.

முதலில் 5 நிமிடம் போதும். பக்கத்துக் காம்பிராவில் டிவி சத்தம் இருந்தாலும் செய்யலாம். வெள்ளவத்தையில் உள்ள பிள்ளைகள் காலி வீதி பஸ் சத்தத்திலேயே பழகலாம்.

சமயம் மாறவேண்டுமா?

வேண்டாம். மூச்சு எல்லாருக்கும் பொது. சாமி கும்பிட்டுவிட்டோ ஜெபம் முடித்தோ தொழுதுவிட்டோ உட்காரலாம்.

என்ன பயன்?

உள்ளதைச் சொல்லவேண்டும். மூச்சைக் கவனித்தால் கடன் அடையாது, சம்பளம் கூடாது. நியாயமான உரிமையைக் கேட்காமல் பொறுத்துப்போவதற்கும் இது பாடமல்ல. ஆனால் சம்பள நாளில் வீட்டுக்குள் வாய்ச்சண்டை முற்றி, கை ஓங்கும் முன்னே ஒரு மூச்சு இடைவெளி கிடைத்தால், அடி விழாது; பிள்ளைகள் பயந்து அழமாட்டார்கள். கசிப்புக் கடைப்பக்கம் கால் திரும்பும்போதும் அந்த இடைவெளி உதவும். ஒரு நாளில் வராது. கவ்வாத்து வெட்டிய செடி துளிர்ப்பதுபோல மெதுவாகத்தான் வரும்.

கண்ணை மூடினால் பயம் கூடுபவர்கள் உடனே நிறுத்தி, கண்ணைத் திறந்து சற்று நடக்கவேண்டும். பல நாளாகத் தூக்கமில்லாதவர்கள், வாழ்க்கை வேண்டாம் என்று நினைப்பவர்கள் தியானத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொல்லவேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

வீட்டில் கலந்து பேசுங்கள்

• இந்த வாரம் நம் மனம் அதிகமாக எதன் பின்னால் ஓடியது?
• கோபம் வரும்போது நம் மூச்சு எப்படி மாறுகிறது?
• எல்லாரும் சேர்ந்து 5 நிமிடம் உட்கார எந்த நேரம் தோதானது?

கொழும்பில் இருக்கும் பிள்ளைக்கு இன்று போன் எடுக்கும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்டபிறகு, "தூக்கம் வருதா?" என்றும் கேளுங்கள். இந்தப் பாடத்தையும் சொல்லிக்கொடுங்கள்.