கம்பளியில் விழுந்த ஓட்டை

கேள்வி: சிகரெட்டை விட்டு மூன்று மாதமாகிறது. ஆனாலும் அந்த நினைப்பு வருகிறதே?
– வாசகர், பசறை

பதில்: வரட்டும். கூடவே பட்ட பாட்டையும் நினையுங்கள். நானும் புகைத்தவன்தான். ஹாலிஎலப் பக்கம் லயத்தில் இருந்தபோது, அடைமழையில் தீப்பெட்டி நமுத்துப்போய், அடுப்புக் கொள்ளியில் பற்றவைக்கக் குனிந்து புருவத்தைப் பொசுக்கிக்கொண்டேன். அதுகூடப் பரவாயில்லை. அம்மாவின் கம்பளியில் என் நெருப்புத் துண்டு விழுந்தது. சுண்டுவிரல் நுழையும் அந்த ஓட்டையைக் கறுப்பு நூலால் தைத்துத்தான் கடைசிவரை போர்த்தினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றும் உறுத்துகிறது. பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்த 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, புகைக்க ஒதுங்கிப்போய் பதுளை பஸ்ஸைத் தவறவிட்டதும் உண்டு.

ஆசை எழும்பினால் சில நிமிடம் தாக்குப்பிடியுங்கள், தணிந்துவிடும். பிளேன்டீயோடு புகைத்த பழக்கமென்றால், கொஞ்ச நாளைக்கு வெந்நீர் குடியுங்கள். முடியாவிட்டால், புகைப்பதை விட உதவும் 1948 தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.