நாற்று சாய்ந்தால் முதலில் வேரைப் பாருங்கள்

தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றங்காலில் நேற்று மாலை நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலை தரையோடு படுத்துக் கிடக்கும். இரண்டு மூன்று நாளில் பாத்தியில் வட்ட வட்டமாகச் சொட்டை விழும். இயற்கை விவசாயத்துக்கு மாறி ஓரிரு வருஷமே ஆனவர்கள் தடுமாறுகிற இடம் இது. "இந்த ஒரு தடவை மட்டும் மருந்து ஊத்திக்கிறேனே, நாத்து போனா பட்டமே போயிடும்" என்பார்கள். கவலை நியாயமானதுதான். அந்த மருந்து வேலை செய்யுமா என்று முதலில் பார்ப்போம்.

நாற்றை அழுக வைப்பது ஒரே கிருமி இல்லை. பித்தியம், ரைசோக்டோனியா, பியூசேரியம், மேக்ரோபோமினா என்று பலர் இருக்கிறார்கள். இதில் பித்தியம் உண்மையான பூஞ்சையே கிடையாது. பூஞ்சைபோல நூல்விடும், ஆனால் உறவுமுறையில் பாசிக்கு நெருக்கம். பூஞ்சையின் செல் சுவரில் கைட்டின் இருக்கும், பித்தியத்தின் சுவரில் செல்லுலோஸ். தண்ணீர் தேங்கினால் அதன் வித்துகள் நீந்தியே அடுத்த வேருக்குப் போய்விடும்.

கடையில் "நாத்து அழுகுது" என்றாலே பல இடங்களில் கையில் எடுத்துக் கொடுப்பது கார்பன்டசிம். அது பூஞ்சையின் செல் பிரிவதற்குத் தேவையான ஒரு புரதத்தைப் பிடித்து நிறுத்துகிறது. ரைசோக்டோனியாவும் பியூசேரியமும் அதற்குக் கட்டுப்படும். பித்தியத்திடம் அந்தப் பிடி விழாது. இதே குடும்பத்து பெனோமில் ஊற்றிய இடங்களில், போட்டிப் பூஞ்சைகள் குறைந்து பித்தியம் கூடியதும் பதிவாகியிருக்கிறது. மெட்டலாக்சில் நேர் எதிர். பித்தியத்தை அடக்கும், ரைசோக்டோனியாவை ஒன்றும் செய்யாது. வங்கி லாக்கர் மாதிரிதான். ஒரு பெட்டியின் சாவி இன்னொன்றுக்குச் சேராது.

சரியான சாவி கிடைத்தாலும் அது நிரந்தரம் இல்லை. மெட்டலாக்சில் 1970களின் கடைசியில் சந்தைக்கு வந்தது. 1980லேயே அயர்லாந்து, நெதர்லாந்து உருளைக்கிழங்கு வயல்களில், பித்தியத்தின் பங்காளியான பைட்டோப்தோரா அதற்கு மசியவில்லை. கிருமியின் உடம்பில் ஒரே ஒரு இடத்தைத் தாக்குகிற மருந்துக்கு இதுதான் கதி. அந்த ஒரு இடம் கொஞ்சம் மாறினால் போதும், கிருமி தப்பித்துக்கொள்ளும். கார்பன்டசிமுக்கும் இதே பலவீனம் உண்டு.

ஆகவே ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பாருங்கள். இழுத்தால் வேரின் தோல் உருவிக்கொண்டு நடுநரம்பு மட்டும் நூலாக நின்றால், தண்டு வெந்ததுபோல் நீர்கோத்திருந்தால், பித்தியம் என்று சந்தேகப்படலாம். ஈரமான காலையில் பாத்தியில் பஞ்சு போன்ற வெள்ளை நூலும் தெரியும். கழுத்துப் பகுதியில் செம்பழுப்புக் குழி விழுந்து தண்டு கம்பியாகச் சுருங்கியிருந்தால் ரைசோக்டோனியா. தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பியூசேரியம். எள், பாசிப்பயறு, உளுந்தில் வெயிலும் வறட்சியும் சேர்ந்த நேரத்தில் பட்டை நார்நாராகக் கிழிந்து, கடுகைவிடச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மேக்ரோபோமினா. முதலாவதற்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். கடைசிக்கு ஈரம் காக்க மூடாக்கு வேண்டும். மாற்றிச் செய்தால் நோய் கூடும்.

இனி நம் பக்கத்து ஆயுதம். டிரைகோடெர்மா மற்ற மண் பூஞ்சைகளைச் சுற்றிப் பின்னிச் சாப்பிடுவதை வெய்ண்ட்லிங் என்ற ஆய்வாளர் 1932லேயே எழுதிவிட்டார். அது கைட்டினையும் கரைக்கும், செல்லுலோசையும் கரைக்கும். அதனால் இரண்டு வகையோடும் மோத முடியும். ஆனால் அது காவல்காரன், வைத்தியன் இல்லை. நாற்று சாய்ந்த பிறகு ஊற்றி, "கேட்கலையே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. கிலோ விதைக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி, அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி செய்யுங்கள். பாத்திக்கு, நன்கு மக்கிய தொழுவுரம் 100 கிலோவில் 1 கிலோ டிரைகோடெர்மாவைக் கலந்து, நிழலில் ஈரமாக இரண்டு வாரம் மூடிவைத்துப் பிறகு இடுங்கள். மக்காத சாணத்தில் போட்டால் வீண்செலவுதான். பாத்தி அரை அடி உயரம் இருக்கட்டும், விதை நெருக்கமாக விழவேண்டாம், தண்ணீரைக் காலையில் விடுங்கள். கோடையில் இடம் காலியாக இருந்தால், நனைத்த பாத்தியைக் கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளால் நாலு முதல் ஆறு வாரம் மூடலாம். 1976இல் இஸ்ரேலில் கட்டான் குழுவினர் ஆய்ந்து சொன்ன முறை இது. கறுப்புத் தாள் இந்த அளவுக்குச் சூடேற்றாது.

இன்னொன்று. கார்பன்டசிம் ஊற்றிய பாத்தியில் டிரைகோடெர்மாவும் செத்துப்போகும், அதுவும் பூஞ்சைதானே. சான்றிதழுக்குப் பதிந்தவர்களுக்கு மாற்றக் காலக் கணக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். கடை விதை சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசி வந்தால், பாக்கெட்டில் எந்த மருந்து என்று எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். டிரைகோடெர்மா பாக்கெட் வாங்கும்போதும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். உயிருள்ள சரக்கு, ஆறு மாசம் தாண்டியதையும், வெயில்படும் அலமாரியில் அடுக்கியதையும் வாங்காதீங்க.