வியாபாரத்திற்கும் ஒரு வரைபடம் வேண்டும்

வீடு கட்ட நினைக்கும் எவரும் முதலில் வரைபடம் ஒன்றைத் தயாரித்துக் கொள்கிறார். பிற்காலத்தில் மேல்மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால், அத்திவாரத்தையும் தூண்களையும் அதற்கேற்ப இன்றே போடும்படி மேசனிடம் சொல்லி வைக்கிறார். ஆனால், அந்த வீட்டைக் கட்டப் பணம் தருகின்ற வியாபாரத்திற்கு நம்மில் எத்தனை பேர் வரைபடம் வைத்திருக்கிறோம்?

யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், எந்தக் காசோலை எப்போது வங்கிக்கு வரும், எந்தச் சாமானை எங்கே மலிவாக வாங்கலாம் என்பன பெரும்பாலான கடைகளில் முதலாளியின் தலைக்குள் மட்டுமே இருக்கின்றன. அவர் ஒரு வாரம் நோயில் விழுந்தால் கடையும் சேர்ந்து படுத்துவிடுகிறது. மகனிடம் எதைக் கேட்டாலும், "வாப்பாவிடம்தான் கேட்க வேண்டும்" என்ற பதிலே வருகிறது.

இந்தக் குறையைத் தீர்க்கும் கருவியையே முகாமைத்துவத் துறையினர் 'பிஸ்னஸ் ஆர்கிடெக்சர்', அதாவது வியாபாரக் கட்டமைப்பு என்கின்றனர். ஒரு நிறுவனம் யாருக்கு எதை வழங்குகிறது, அதற்கு அதனிடம் உள்ள ஆற்றல்கள் எவை, வேலை எந்த வழியாக நகர்கிறது, எதற்கு யார் பொறுப்பு, தகவல் எங்கே பதியப்படுகிறது என்பவற்றை ஒரே பார்வையில் காட்டும் வரைபடமே அது. பெரிய கம்பனிகளுக்கு மட்டும் உரியது என்று இதை ஒதுக்கிவிடத் தேவையில்லை.

இரு கம்பனிகள், ஒரு பாடம்

நமது ஊர்களில் ஸ்டூடியோவும் கலர் லேப்பும் நடத்தியவர்களுக்கு கொடாக், பியூஜி என்ற பெயர்கள் நன்கு தெரியும். 2000ஆம் ஆண்டளவில் உச்சத்தில் இருந்த பிலிம் சுருள் விற்பனை, டிஜிட்டல் கமெராவின் வருகையால் சில ஆண்டுகளிலேயே சரிந்து விழுந்தது. அடி இரு கம்பனிகளுக்கும் ஒன்றுதான்.

1975இல் டிஜிட்டல் கமெராவின் முதல் மாதிரியை உருவாக்கியவர் கொடாக்கின் பொறியியலாளரான ஸ்டீவன் சாசன். அப்படியிருந்தும் அக்கம்பனி பிலிம் இலாபத்தையே பெரிதும் நம்பியிருந்தது. 2012 ஜனவரியில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

ஜப்பானின் பியூஜிபிலிம், ஷிகெடாகா கொமோரியின் தலைமையில் வேறொரு கேள்வியைக் கேட்டது. "நாம் எதை விற்கிறோம்?" என்பதோடு நில்லாமல், "நமக்கு என்ன செய்யத் தெரியும்?" என்று தனது ஆற்றல்களைப் பட்டியலிட்டது. பிலிமில் கொலாஜன் பயன்படுகிறது. மனிதத் தோலிலும் கொலாஜன் இருக்கிறது. படம் மங்காமல் காக்கும் இரசாயன அறிவு, தோல் பராமரிப்புக்கும் உதவியது. 2007இல் 'அஸ்டாலிஃப்ட்' என்ற அழகுசாதன வகை சந்தைக்கு வந்தது. மெல்லிய பிலிம் தயாரிக்கும் திறன், எல்.சி.டி. திரைகளுக்கான பாதுகாப்புப் படலம் தயாரிக்க உதவியது. பொருளின் காலம் முடிந்தாலும் ஆற்றலின் காலம் முடியவில்லை.

வரைவது எப்படி?

பெரிய தாள் ஒன்றை எடுத்துப் பின்வரும் ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள்.

1. வாடிக்கையாளர் ஏன் உங்களிடம் வருகிறார்? விலைக்கா, கடனுக்கா, தரத்திற்கா, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதற்கா?

2. அதற்குத் தேவையான ஆற்றல்கள் எவை? கொள்வனவு, களஞ்சியம், விற்பனை, கடன் அறவிடல், கணக்கு வைத்தல் என்பவற்றில் எது பலம், எது பலவீனம் என்று குறித்துக் கொள்ளுங்கள்.

3. ஓடர் கிடைத்தது முதல் காசு கைக்கு வரும் வரை எத்தனை படிகள்? எந்தப் படியில் தாமதமாகிறது?

4. ஒவ்வொரு படியிலும் தீர்மானம் எடுப்பவர் யார்? அவர் இல்லாத நாளில் யார்?

5. தகவல் எங்கே இருக்கிறது? கொப்பியிலா, கணினியிலா, ஒருவரின் ஞாபகத்திலா?

இவ்வாறு வரைந்தால் கண்ணுக்குத் தெரியாதிருந்தவை தெரியவரும். உதாரணத்திற்கு, மாதம் 20 இலட்சம் ரூபாவுக்குச் சாமான் வாங்கும் ஒரு ஹாட்வெயார் கடையை எடுப்போம். சாமான் விற்பனையாக 45 நாள், விற்ற காசு வந்து சேர மேலும் 45 நாள், ஆக 90 நாள். விநியோகஸ்தர் தரும் தவணையோ 30 நாள்தான். மீதி 60 நாளுக்குச் சுமார் 40 இலட்சம் ரூபா முதலாளியின் சொந்தப் பணம் முடங்கிக் கிடக்கிறது.

இவர் அதே அளவில் இரண்டாவது கிளை திறந்தால், கீ மணிக்கும் றாக்கைகளுக்கும் அப்பால் இன்னுமொரு 40 இலட்சம் வேண்டும். இதைக் கணக்கிடாமல் கிளை திறந்து, முதல் கடையின் காசோலைகளும் திரும்பிவந்து, இரண்டையும் இழந்தவர்கள் உண்டு. மாறாக, இருப்பு நாட்களையும் அறவிடும் நாட்களையும் 30, 30 ஆகக் குறைத்தால், முடங்கும் காலம் 30 நாளாகிறது. அதே 40 இலட்சம் இரண்டு கடைகளைச் சுமக்கும். எனவே இவர் முதலில் செய்ய வேண்டியது கடன் அறவிடலைச் சீர்படுத்துவதே. கிளை அதற்குப் பின்னர்தான்.

இன்றும் நாளையும்

இன்றைய நிலை ஒரு தாளில் வந்ததும், மூன்று ஆண்டுகளுக்குப் பின் வியாபாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இன்னொரு தாளில் வரையுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே உங்கள் திட்டம். எதை முதலில், எதை அடுத்ததாகச் செய்வது என்று அதிலிருந்து வரிசைப்படுத்தலாம்.

வரும் அதிர்ச்சிகளையும் அந்தத் தாளில் வைத்துப் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. டொலரில் கடனுக்கு இறக்குமதி செய்து, பழைய பெறுமதியில் ரூபாவுக்குக் கடனாக விற்றவர்கள் முதலையே இழந்தனர். "ஒரே நாணயம், ஒரே விநியோகஸ்தர், ஒரே பெரிய வாடிக்கையாளர்" என்று உங்கள் வரைபடம் ஏதேனும் ஒன்றில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால், அந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

இன்னுமொரு முக்கிய விடயம். முதலாளி மௌத்தானால் என்ன நடக்கும்? சகோதரர் போட்ட முதல் எவ்வளவு, இருபது வருடம் கடையில் உழைத்த மகனுக்குரியது சம்பளமா, பங்கா என்பவை எழுதப்படாததால் அநேக குடும்பங்கள் பிளவுபட்டுள்ளன. தனிநபர் வியாபாரத்தைச் சட்டம் உரிமையாளரிலிருந்து வேறாகப் பார்ப்பதில்லை. கம்பனியோ தனியான சட்ட ஆளாகும். பங்குகள் வாரிசுகளுக்குச் செல்ல, வியாபாரம் தொடரலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஒரே பங்குதாரருடனும் கம்பனி அமைக்க முடியும். உங்களுக்கு எது பொருத்தம் என்பதைக் கணக்காளருடனும் சட்டத்தரணியுடனும் பேசி முடிவு செய்யுங்கள்.

இந்த வாரமே, கடை மூடிய பின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மகனையும், நம்பிக்கையான ஊழியர் ஒருவரையும் அருகில் அமர்த்தி, மேற்சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். எழுத முடியாமல் பேனா எங்கே நிற்கிறதோ, அங்கேதான் உங்கள் வியாபாரத்தின் பலவீனமான தூண் இருக்கிறது. அதைப் பலப்படுத்திய பின் மேல்மாடியைப் பற்றி யோசிக்கலாம்.